ஜன்னல் வெளிச்சத்து நிபுணர்

எக்ஸ்ரே படத்தைக் கண்டால் கை நீட்டாமல் இருக்க முடியாத ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. கை, கால், மூக்குக்கண்ணாடி எல்லாம் நம்மைப் போலவேதான் இருக்கும். தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியாது. ஆனால் பெரிய பழுப்பு உறையோடு யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரட்டும். பேசிக்கொண்டிருந்த பேச்சு பாதியில் நிற்கும், காபி டம்ளர் கீழே இறங்கும், கண்ணாடி நெற்றிக்கு ஏறும், "கொடுங்கோ, பார்ப்போம்" என்று ஒரு கை நீளும். உறையிலிருந்து உருவிய படத்தோடு அவர் நேரே ஜன்னலுக்குப் போவார். இரண்டு கைகளாலும் அதை உயரத் தூக்கி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்பார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ம்" வரும். இந்த இரண்டு ம்-களுக்கும் இடையே படத்துக்குச் சொந்தக்காரரின் மனசில் ஓடுவதை எந்தக் கருவியாலும் படம் எடுக்க முடியாது.

இவர் மருத்துவம் படித்தவரா? இல்லை. மருத்துவமனையில் வேலை பார்த்தவரா? அதுவும் இல்லை. பிறகு எந்தத் தகுதியில் பார்க்கிறார்? கண் இருக்கிறதே! காது இருக்கிறது என்பதற்காக யாரும் கச்சேரி மேடை ஏறுவதில்லை, பல் இருக்கிறது என்பதற்காக யாரும் அடுத்தவர் பல்லைப் பிடுங்கக் கிளம்புவதில்லை. ஆனால் கண் மட்டும் பிறக்கும்போதே பட்டம் வாங்கிக்கொண்டு வந்துவிட்டதாக இந்த இனம் மனப்பூர்வமாக நம்புகிறது.

"லேசா ஒரு நிழல் இருக்கு" என்பது இவர்களின் மூலமந்திரம். எக்ஸ்ரே என்பதே முழுக்க முழுக்க நிழல்தான். அதில் நிழல் இருப்பதைக் கண்டுபிடிப்பது சமுத்திரத்தில் ஈரம் இருப்பதைக் கண்டுபிடிப்பது போல. சொன்னால் கேட்பார்களா? ஒரே தாளில் இருபது சின்னச் சின்னப் படங்களாக வரும் ஸ்கேனைக் கொடுத்துப் பாருங்கள். நடுவில் இருப்பதைத்தான் பார்ப்பார்கள். குரூப் போட்டோவில் முக்கியமானவர் நடுவில்தானே உட்கார்ந்திருப்பார்?

தில்லியில், ஆர்.கே.புரம் ஆறாம் செக்டாரில், இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் வசிக்கிறார். பெயர் தட்சிணாமூர்த்தி. மத்திய அரசில் முப்பத்தாறு ஆண்டு குப்பை கொட்டி, அண்டர் செக்ரட்டரியாக ஓய்வு பெற்று, இப்போது மகன் கௌஷிக்குக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடியில், கிழக்குப் பார்த்த பால்கனியோடு இருக்கிறார். காலை ஒன்பது முதல் பத்தரை வரை அந்தப் பால்கனியில் வெயில் நன்றாக அடிக்கும். அதுதான் அவருடைய ஆலோசனை நேரம். செக்டாரில் உள்ள தமிழ்க் குடும்பங்களின் முழங்கால்கள், முதுகெலும்புகள், சைனஸ்கள், ஒரு ஞானப்பல் எல்லாம் அந்த வெயிலில் காய்ந்திருக்கின்றன. படத்தின் முன்புறம் எது, பின்புறம் எது என்பதைப் பற்றி அவர் அதிகம் கவலைப்படுவதில்லை. அதனாலேயே ஆறாம் செக்டாரில் மூன்று பேருக்கு இதயம் வலப்பக்கம் இருப்பதை அவர் கண்டுபிடித்திருக்கிறார். டாக்டர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதில் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "அவா எங்கே பார்க்கறா? எல்லாம் ஜல்தி ஜல்தி" என்பார்.

அவர் படம் பார்த்த விதம் அவர் ஃபைல் பார்த்த விதம்தான். அமைச்சகத்தில் ஒரு ஃபைல் மேசைக்கு வந்தால் அடியில் கிடக்கும் இருநூறு தாள்களை அவர் புரட்டியதில்லை. கீழே இருப்பவர் கடைசியாக எழுதிய குறிப்பைப் படிப்பார். 'ஃப்ளாக் ஏ' என்று சீட்டு குத்தியிருக்கும் பக்கத்தை மட்டும் திறப்பார். குறிப்பில் சொன்னது அந்தப் பக்கத்தில் இருப்பதைக் கண்டு கையெழுத்துப் போடுவார். சீட்டு குத்தாத பக்கத்தில் யானை நின்றாலும் அது யானையின் பொறுப்பு.

மனிதக் கண்ணும் அப்படித்தான் வேலை செய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நாமெல்லாம் கண்ணை ஒரு கேமரா என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு பழைய குமாஸ்தா. மேலே உட்கார்ந்திருக்கும் மூளை எதை எதிர்பார்க்கிறது என்று மோப்பம் பிடித்து, அதற்குத் தோதான குறிப்பைத் தயாரித்து, மீதியை அலமாரிக்கு அடியில் தள்ளிவிட்டு, "எல்லாம் பார்த்தாயிற்று ஐயா" என்று நிற்கும்.

இனி விஷயத்துக்கு வருவோம். தட்சிணாமூர்த்தி அந்தச் செக்டாரின் தமிழ்க் குடும்பங்கள் மன்றத்துக்குத் தலைவர். மன்றத்துக்கு ஒரு சமையலறை உண்டு. பிள்ளைகள் குர்காவ்னிலும் கலிபோர்னியாவிலும் இருக்க, தனியாக இருக்கும் நாற்பது வீட்டுப் பெரியவர்களுக்குக் காலை டிபன் அங்கிருந்துதான் போகிறது. அதைச் செய்பவர் பூங்கோதை. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு வந்து, பதினோரு வருஷம் அடுத்தவர் வீடுகளில் பாத்திரம் தேய்த்து, அதன்பிறகு தன் கைக்கென்று ஒரு அடுப்பு கிடைத்து நான்கு வருஷம் ஆகிறது. நாற்பத்திரண்டு வயது. ஒருமுறை பஸ் படியிலிருந்து விழுந்ததில் இடது கழுத்தெலும்பு உடைந்து, உள்ளே இரும்புத் தகடு வைத்திருந்ததால், சாம்பார்க் குண்டானைத் தூக்கும்போது மட்டும் ஒரு பக்கமாகச் சாய்வார். அவருடைய வெண்பொங்கலைப் பற்றி ஆறாம் செக்டாரில் இரண்டு கருத்து கிடையாது.

நவம்பர் வந்தது. தில்லியின் வானம் பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்துக்கு மாறியது. ஊரே இருமியது. மன்றத்தின் செயலாளர் வைத்தி இருமினார், தட்சிணாமூர்த்தி இருமினார், மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் படியேறிய பக்தர்கள் படிக்கு ஒரு தரம் இருமினார்கள். பூங்கோதையும் இருமினார். இதில்தான் ஒரு நுட்பமான வேறுபாடு இருக்கிறது, கவனியுங்கள். ஆபீசர் இருமினால் அது பொல்யூஷன். சமையல்காரி இருமினால் அது வியாதி.

அந்த வாரம் மன்றம் இலவச மருத்துவ முகாம் நடத்தியது. வாசலில் ஒரு எக்ஸ்ரே வேன் வந்து நின்றது. பூங்கோதையை முகாமுக்கு வரச் சொன்னார்கள். அவரும் வரிசையில் நின்று, உள்ளே போய், சொன்னபடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்தார். அவருக்கு அடுத்த டோக்கன் தட்சிணாமூர்த்தி. சட்டையைக் கழற்றச் சொன்ன டெக்னீஷியனிடம், தான் யார், எந்த அமைச்சகம், எந்த வருஷம் ஓய்வு என்று அவர் விளக்கினார். வெளியே இன்னும் அறுபது பேர் நின்றார்கள். "அச்சா அங்கிள், டீக் ஹை" என்று அந்த ஆள் சட்டையோடேயே நிற்கவிட்டுப் பித்தானை அழுத்தினார்.

ஒரு வாரத்தில் படங்கள் வந்தன. 'அறிக்கை பிறகு வரும்' என்று ஒரு துண்டுச்சீட்டும் வந்தது. படத்தில் பெயர் கிடையாது. மூலையில் பொடி எழுத்தில் டோக்கன் எண், தேதி, எம் அல்லது எஃப், வயது என்று ஏதோ இருக்கும்; வைத்தி அதைப் பார்த்து உறையில் போட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டினார். டிபன் ஆறிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் வேகமாக ஒட்டினார்.

அறிக்கை பிறகு வருமாம். தட்சிணாமூர்த்தி இருக்கும்போது அறிக்கை எதற்கு?

முதலில் தன் பெயர் ஒட்டிய உறையைப் பிரித்தார். பால்கனியில் தூக்கிப் பிடித்தார். நுரையீரல் இரண்டும் தெள்ளத் தெளிவாக இருந்தன. கழுத்துக்குக் கீழே பட்டையாக ஒரு வெள்ளைத் துண்டு. அதில் வரிசையாக ஆறு புள்ளிகள். அவர் முகம் மலர்ந்தது. சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பேனா! ஓய்வு பெற்ற அன்று செக்‌ஷன் ஊழியர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. வேல் முனை போல் தங்கநிற கிளிப் வைத்த, அழுத்தினால் முனை வெளியே வரும் கறுப்புப் பேனா. அன்று முதல் அது அவர் பையை விட்டு நீங்கியதில்லை. மனைவி ருக்குவைக் கூப்பிட்டுக் காட்டினார். ருக்கு பார்த்துவிட்டு, பேனா ஏன் கழுத்துக்கிட்ட போய்ப் படுத்திண்டிருக்கு என்று கேட்டார். தூக்கிப் பிடித்த கோணம் என்றார் இவர். அந்த ஆறு புள்ளி என்ன என்று கேட்டார் ருக்கு. வெளிச்சம் என்றார். ருக்கு உள்ளே போய்விட்டார். நாற்பது வருஷத் தாம்பத்தியத்தில் எந்த இடத்தில் உள்ளே போக வேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

அடுத்து பூங்கோதையின் உறை. படத்தை உருவித் தூக்கினார். மூலையில் முப்பத்திரண்டு, பதினொன்றாம் மாதம், எம், அறுபத்தெட்டு என்று யாரும் படிக்காத பொடி எழுத்துகள். நடுவே மார்பு. மார்பின் வலப்பக்கம் செங்குத்தாக ஒரு வெள்ளைக் கோடு, மேல் முனையில் கூர்மையாக. கொஞ்சம் கீழே, அந்தரத்தில், பொடியாக ஒரு சுருள்.

"ம்" என்றார் தட்சிணாமூர்த்தி.

வெகுநேரம் கழித்து, "புழு" என்றார்.

தலை நீளமாக இருக்கிறது, வால் சுருண்டிருக்கிறது; வேறு என்னவாக இருக்க முடியும்? பூங்கோதை இருமுகிறார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்ட குறிப்பு. குறிப்பு இருந்தால் பக்கம் கிடைக்காமலா போகும்? தன் படத்தில் பேனா இருக்கும் என்று தெரிந்ததால் தகட்டில் பேனாவைப் பார்த்தவர், பூங்கோதையின் படத்தில் வியாதி இருக்கும் என்று தெரிந்ததால் பேனாவில் வியாதியைப் பார்த்தார். கண் என்னும் குமாஸ்தா இரண்டு ஃபைல்களையும் அன்றைக்கே முடித்து அனுப்பிவிட்டது.

முறைப்படி எல்லாம் நடந்தது. ஓர் அட்டை, நாடா, மேலே 'பூங்கோதை, மார்பு, நிழல் தொடர்பாக'. படத்தில் கோடு தெரியும் இடத்தைச் சுட்டி மஞ்சள் சீட்டு ஒட்டி 'ஃப்ளாக் ஏ' என்று எழுதினார். குறிப்புத் தாளில், "ஃப்ளாக் ஏ-யில் காண்க. ஐயத்துக்கு இடமின்றி உயிருள்ள பொருளின் நிழல் தென்படுகிறது. மேற்படியாரைச் சமையலறையிலிருந்து நிறுத்தி வைப்பது உசிதம். தலைவரின் ஒப்புதலுக்கு" என்று எழுதினார். பிறகு தலைவர் என்ற முறையில் அதைப் படித்து ஒப்புதல் அளித்தார். ஒரே பேனா.

கமிட்டி உறுப்பினர் ஏழு பேரும் ஒவ்வொருவராக ஜன்னலருகே போய்ப் படத்தைத் தூக்கி, மஞ்சள் சீட்டு காட்டிய இடத்தைப் பார்த்து, 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டார்கள். ஏழு ஜோடிக் கண்கள், ஒரே ஒரு பார்வை. யாரும் சீட்டை விட்டு ஓர் அங்குலம் தள்ளிப் பார்க்கவில்லை. தள்ளிப் பார்ப்பது தலைவருக்கு மரியாதையா?

வைத்தி படத்தை மொபைலில் எடுத்து மன்றத்தின் வாட்ஸப் குழுவில் போட்டார். அதன்பிறகு விஷயம் விஞ்ஞானத்தின் கையை விட்டுப் போயிற்று. மூலை எழுத்துகளெல்லாம் வெட்டுப்பட்டுப் போயின. பதிலுக்கு, பளபளப்பான படத்தில் ஹாலின் மின்விசிறி பிரதிபலித்து, மூன்று இதழ் கொண்ட இரண்டாவது நிழல் ஒன்று பூங்கோதையின் நெஞ்சில் தோன்றியது. அதை எட்டுப் பேர் வட்டம் போட்டு அனுப்பினார்கள். குர்காவ்னில் ஐ.டி. வேலை பார்க்கும் சிவகுமார் அதை ஏதோ செயலியில் ஏற்றினான். 'பனிக்காலத்து மரக்கிளை, மிக அழகு' என்று பதில் வந்தது. புழு இல்லை, யாரோ செய்வினையாக அனுப்பிய ஊசி என்று ஒரு கட்சி கிளம்பியது. ஊசியும் இல்லை, முனையைப் பாருங்கள், சாட்சாத் முருகனின் வேல் என்று இன்னொரு கட்சி கிளம்பி, அதன் தலைவர் கைகளைக் குவித்து வணங்கும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார். வேல் கட்சி பூங்கோதையைக் கும்பிட வேண்டும் என்றது, ஊசிக் கட்சி மந்திரிக்க வேண்டும் என்றது, புழுக் கட்சி பிளீச்சிங் பவுடர் போட வேண்டும் என்றது. மூன்று கட்சிக்கும் தோன்றாத ஒன்று உண்டு: அந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரியிடம் படத்தை ஒரு தரம் காட்டுவது.

காட்டவில்லை. வைத்தி போய், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துக்கோ பூங்கோதை, கமிட்டி முடிவு" என்று சொல்லி, சமையலறைச் சாவியை வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கு என்ன வந்திருக்கிறது என்று பூங்கோதை கேட்டதற்கு, அது டெக்னிக்கல் என்றார். பூங்கோதை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனார். படத்தைக் கொண்டு வா என்றார்கள். மன்றத்துக்கு வந்தார். படம் ஃபைலில் இருக்கிறது, ஃபைலைக் கொடுக்க முடியாது என்றார்கள். இப்படியே பதினாறு நாள். தன் நுரையீரலைப் பார்க்கத் தனக்கே அனுமதி இல்லாத ஒரு குடிமகள், இந்திய நாட்டின் தலைநகரில், தன் அடுப்பைப் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவார். உள்ளே ஒரு கேட்டரிங்காரர் டிபன் செய்துகொண்டிருந்தார். அவருடைய இட்லியால் தட்சிணாமூர்த்தியின் வீட்டில் ஆடும் மேசைக்காலைச் சரிசெய்ய முடிந்தது.

பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பொதுக்குழு. கேட்டரிங்காரரை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்யும் கூட்டம். படத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்று ஹால் ஜன்னல் கண்ணாடியில் செல்லோ டேப்பால் ஒட்டியிருந்தார்கள். வைத்தியின் மகள் இந்துஜாவும் அன்று வந்திருந்தாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரேடியாலஜி மேல்படிப்பு படிக்கிறாள். முன்பே அவளுக்கு வாட்ஸப்பில் படத்தை அனுப்பியிருந்தார்கள். போட்டோவைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டேன், ஒரிஜினலைக் கொண்டு வாருங்கள் என்று எழுதிவிட்டாள். அன்றே தட்சிணாமூர்த்திக்கு அவளுடைய படிப்பின் மேல் நம்பிக்கை போய்விட்டது. இருட்டு அறையில் உட்கார்ந்து, பெரிய திரை வைத்து, ஒரு மார்பைப் பார்க்க இவ்வளவு நேரமா? அவர் சாதாரண வெயிலில் அரை நிமிஷத்தில் பார்த்தாரே!

தட்சிணாமூர்த்தி எழுந்து புழுவின் தலை, உடல், வால் ஆகியவற்றை ஸ்கேலால் சுட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது பூங்கோதை உள்ளே வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. நேரே ஜன்னலுக்குப் போனார். முன்வரிசையில் இரண்டு பேர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள்.

மற்றவர்களெல்லாம் கோட்டைப் பார்த்தார்கள். பூங்கோதைக்கு அந்தக் கோட்டைப் பார்க்கத் தோன்றவில்லை. மஞ்சள் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்றும் அவருக்குத் தெரியாது. பஸ்ஸிலிருந்து விழுந்த நாளிலிருந்து தன்னை எடுத்த ஒவ்வொரு படத்திலும் அவர் முதலில் தேடியது ஒன்றைத்தான். படத்தின் ஒரு தோளைப் பார்த்தார். மறு தோளைப் பார்த்தார். திரும்பினார்.

"சார், என் தகடு எங்க?"

தட்சிணாமூர்த்திக்குப் புரியவில்லை. "என்ன தகடு?"

"பஸ்ஸுல விழுந்தப்ப வச்சது சார். ஆறு திருகாணி போட்டு முடுக்கியிருக்கு. மழைக்காலத்துல வலிக்கும். அது இதுல இல்லயே. எடுத்தது யாரு?"

இருப்பதைப் பார்ப்பது எளிது. இல்லாததைப் பார்க்க, அங்கே என்ன இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த ஹாலில் அதைத் தேடத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரைத்தான் பதினாறு நாளாக உள்ளே விடவில்லை. பூங்கோதைக்குத் தோளில் தகடு இருப்பது எல்லாருக்கும் தெரியும். அவர் குண்டானோடு சாய்ந்து நடப்பதைத் தினம் பார்த்தவர்கள். ஆனால் ஃப்ளாக் ஏ-யில் தகடு இல்லையே!

இந்துஜா எழுந்து வந்தாள். மஞ்சள் சீட்டை உரித்து எறிந்தாள். படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரித்து, மறுபக்கமாகத் திருப்பி ஒட்டினாள். வலப்பக்கம் இருந்த இதயம் இடப்பக்கம் வந்தது. அப்புறமும் நெஞ்சைப் பார்க்கவில்லை. குனிந்து மூலையைப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டு. எம். அறுபத்தெட்டு" என்று படித்தாள். "ஆண். அறுபத்தெட்டு வயசு. இங்க அறுபத்தெட்டு வயசு யாருக்கு?"

எல்லாரும் வைத்தியைப் பார்த்தார்கள். அவர் எழுபது. பிறகு எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள்.

"அங்கிள், பாக்கெட்ல என்ன?" என்றாள் இந்துஜா.

தட்சிணாமூர்த்தி குனிந்து தன் சட்டைப் பையைப் பார்த்தார். இடப்பக்கம். தங்கநிற கிளிப், வேல் முனையோடு. நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். இடப்பக்கம். கோடு, வேல் முனையோடு. பதினாறு நாளில் முதல் தடவையாக அவர் "ம்" என்று சொல்லவில்லை.

ஆனாலும் அண்டர் செக்ரட்டரி அல்லவா? "இது பேனான்னா அந்தச் சுருள் என்னவாம்?" என்று கேட்டார். இந்துஜா பேனாவை வாங்கி அவர் காதருகே வைத்து ஒரு தரம் அழுத்தினாள். க்ளிக். உள்ளே இருந்த ஸ்பிரிங் பதில் சொன்னது. அதற்குள் ருக்கு வீட்டுக்குப் போய் இன்னொரு உறையைக் கொண்டுவந்திருந்தார். தட்சிணாமூர்த்தியின் பெயர் ஒட்டிய அந்தப் படத்தின் மூலையில் முப்பத்தொன்று, எஃப், நாற்பத்திரண்டு. கழுத்தெலும்பின் மேல் தகடு, ஆறு திருகாணிகளோடு. பூங்கோதை அதைத் தொட்டுப் பார்த்து, "இதான், இதான்" என்றார், தொலைந்த ஆட்டைச் சந்தையில் கண்டவர் போல.

வேல் கட்சித் தலைவர் மொபைலை எடுத்து, அனுப்பிய பொம்மைகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தார்.

கூட்டம் சிரித்தது. இந்துஜா சிரிக்கவில்லை. போன மாதம் அவளிடம் ஒரு படம் வந்ததாம். கூட வந்த சீட்டில் 'நிமோனியாவா?' என்று கேட்டிருந்தது. இருட்டு அறை, பெரிய திரை, எல்லாம் இருந்தும் அவள் நிமோனியாவைத் தேடினாள், கண்டுபிடித்தாள், திருப்தியாக அடுத்த படத்துக்குப் போனாள். அதே படத்தில் விலா எலும்பு ஒன்று உடைந்திருந்ததை மறுநாள் சீனியர்தான் காட்டினார். ஒன்று கிடைத்தவுடன் கண் கடையைச் சாத்திவிடுகிறது. அதனால்தான் முதலில் பெயர், வயது, பிறகு மூலைகள், கடைசியில் நடு என்று சுவாமி பிரதட்சிணம் மாதிரி சுற்றிவரப் பழக்குகிறார்கள் என்றாள். "என் கண்ணையே நான் நம்பறதில்ல அங்கிள். உங்களுக்கு எப்படி இவ்ளோ நம்பிக்கை?"

வைத்தியும் கமிட்டியும் சேர்ந்து, போனது போகட்டும், நாளையிலிருந்து வந்துவிடு பூங்கோதை, சாவி இந்தா என்று விஷயத்தைச் சுமுகமாக முடிக்கப் பார்த்தார்கள். தவறு செய்தவர்களுக்குச் சுமுகம் எப்போதும் பிடிக்கும்.

பூங்கோதை சாவியை வாங்கவில்லை.

"எழுதித்தான நிறுத்துனீங்க. எழுதியே கூப்புடுங்க சார்."

தட்சிணாமூர்த்தி ஃபைலைப் பிரித்தார். ஏழு கையெழுத்துகளுக்கும் கீழே இடம் இருந்தது. இந்துஜா பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் ஒரு நிமிஷம் அதையே பார்த்துவிட்டு அழுத்தினார். முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம், கை தானாக எழுதியது: "ஃப்ளாக் ஏ-யில் கண்ட உயிருள்ள பொருள், இந்தக் குறிப்பை எழுதும் பேனாவே எனத் தெரியவந்துள்ளது. மேற்படியாரை நிறுத்திவைத்த உத்தரவு ரத்து. தவறு எங்களுடையது." கடைசி வாக்கியத்தை ருக்கு பின்னால் நின்று சொல்லச் சொல்ல எழுதினார். இந்துஜா உரக்கப் படித்துக் காட்டினாள். பூங்கோதை இரண்டாவது தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அப்புறம்தான் சாவியை எடுத்தார்.

மறுவாரம் இரண்டு படங்களுக்கும் முறையான அறிக்கை வந்தது. பூங்கோதையின் நுரையீரலில் ஒன்றுமில்லை. இருமலுக்குக் காரணம் புகை. வெளியே ஊர்ப் புகை, உள்ளே மிளகாய் தாளிக்கும் புகை. சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வேண்டும் என்று அவர் இரண்டு வருஷத்துக்கு முன்பே ஆள் வைத்து எழுதிக் கொடுத்த விண்ணப்பம் தட்சிணாமூர்த்தியின் அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதில் யாரும் சீட்டு ஒட்டவில்லை. ஆகவே கண்ணில் படவில்லை. இப்போது ஃபேன் ஓடுகிறது. தட்சிணாமூர்த்தியை, பேனா மறைத்த இடம் தெரியவில்லை என்று சொல்லி மறுபடி படம் எடுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு மணி நேரம் நின்று, சட்டையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, தான் யார் என்று யாரிடமும் சொல்லாமல் உள்ளே போனார். பேனாவுக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அவருக்கு நிம்மதிதான், கொஞ்சம் ஏமாற்றமும் இருந்தது என்கிறார் ருக்கு.

திருந்திவிட்டாரா? போன வாரம் மூன்றாம் மாடிக்காரர் முழங்கால் எம்.ஆர்.ஐ.யோடு வந்தார். தட்சிணாமூர்த்தி படத்தை வாங்கி, மூலையில் பெயரைப் படித்தார், வயதைப் படித்தார், ஆணா பெண்ணா என்று பார்த்தார், முன்புறம் பின்புறம் சரிபார்த்தார், தன் பேனாவை எடுத்து மேசை மேல் வைத்தார். அதன்பிறகு ஜன்னலுக்குப் போனார்.

சரி, நீங்கள்? இந்தக் கதையில் பால்கனிக் காட்சியிலேயே, எல்லாரும் புழுவைப் பார்ப்பதற்கு முன்பே, எம், அறுபத்தெட்டு என்று அச்சில் வந்துவிட்டது. பூங்கோதைக்கு நாற்பத்திரண்டு வயது என்பதும் அதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டையும் தாண்டித்தானே வந்தீர்கள்? யாரோ பொடி எழுத்து என்று சொன்னதால் பொடி எழுத்தாகவே படித்துவிட்டு, கோட்டையும் சுருளையும் பார்க்க ஓடினீர்களா, இல்லையா?

"நான் அப்போதே கண்டுபிடித்துவிட்டேன்" என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் முன்னால் வாருங்கள். உங்களைத்தான் சந்தேகமாக இருக்கிறது. அந்தக் குரல், அந்த நிச்சயம், நெற்றிக்கு ஏறுகிற அந்தக் கண்ணாடி... அடுத்த தடவை யாராவது பழுப்பு உறையோடு உங்கள் வீட்டுக்கு வரும்போது, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள்.